விசேட சித்தி பெற்ற வீடு

நவம்பர் 18, செவ்வாய்

இது அலுவலகம் தந்த டயரி. சந்திப்புகளைக் குறிக்கத் தந்தார்கள். சந்திப்புகளைக் கணினியே குறித்துக்கொள்வதால் இது சும்மா கிடந்தது. தமிழில் எழுதினால் மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போகலாம். இந்த மாடியில் இதை வாசிக்க ஆளில்லை.

என் வேலையை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் கவுன்சிலின், அதாவது இந்த ஆங்கிலேய ஊரின் நகரசபையின், எல்லைக்குள் விற்கிற, வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு எரிசக்திச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்ப்பது. A என்றால் வீடு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். G என்றால் வீட்டுக்குள் இருப்பவர் தெருவுக்கும் சேர்த்து ஹீட்டர் போடுகிறார் என்று அர்த்தம். E வரைக்கும் வாடகைக்கு விடலாம். F, G கூடாது. சட்டம் இவ்வளவுதான். இதை வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் இதை நான் நேற்று இரவு இருந்து இயற்றினேன் என்பது போலத்தான் பார்க்கிறார்கள்.

இன்று மேலதிகாரி ஹெலன் ஒரு படம் கொண்டுவந்தாள். சாப்பாட்டுக் கடைகளைச் சோதிக்கிற பிரிவில் ஒருவர் தமிழ்க் கடையொன்றின் அறிவிப்புப் பலகையில் எடுத்தது. நல்ல கையெழுத்து, மங்கிப்போன பழைய தாள்.

"மூன்று அறை வீடு வாடகைக்கு உண்டு. கோயிலுக்குக் கிட்ட. தமிழ்க் குடும்பம் விரும்பத்தக்கது. எரிசக்திப் பரீட்சையில் விசேட சித்தி பெற்ற வீடு. D."

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஹெலன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "வீடு பரீட்சை எழுதியதா?" என்றாள்.

எங்கள் நாட்டில் பதினாறு வயதில் எழுதுகிற ஓ.எல் பரீட்சையில், அந்தக் காலத்தில் D என்றால் விசேட சித்தி, டிஸ்டிங்ஷன், அதுதான் உச்சம், அதற்குக் கீழே C திறமைச் சித்தி, S சாதாரண சித்தி, F பெயில் என்று விளக்கினேன். எட்டுப் பாடத்துக்கும் D எடுத்த பிள்ளையின் படம் பேப்பரில் வரும்.

"அப்படியானால் A?"

"பரீட்சைக்கு வராதவர்கள்."

ஹெலன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு பதிவேட்டில் பார்த்தோம். அந்த வீட்டுக்கு D உண்மைதான். ஆனால் சான்றிதழ் காலாவதியாகி ஒரு வருசத்துக்கு மேல்.

நவம்பர் 19, புதன்

மழை. வீட்டுக்காரர் சபாநடேசனுக்குப் போன் பண்ணினேன். என் பெயரைக் கேட்டதும், "பிள்ளை எந்த ஊர்?" என்றார். நான் கவுன்சில் என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

வீட்டைப் போய்ப் பார்த்தேன். சபாநடேசன் ஐயா கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றார். எழுபத்தைந்து இருக்கும். தடித்த கோட்டு, மஃப்ளர், நெற்றி நிறைய விபூதி. கையில் பழைய சான்றிதழ், பிளாஸ்டிக் உறை போட்டு.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. வடிவாப் பாருங்கோ. D எடுத்த வீடு."

"ஐயா, இது காலாவதியாப் போச்சு."

"ஓ.எல் சேர்ட்டிபிக்கேட் காலாவதியாகுமோ? நான் அறுபத்தேழில எடுத்தது இண்டைக்கும் செல்லும்."

"வீட்டுக்குப் பத்து வருசம்தான் ஐயா."

"அப்ப வீடு திரும்பவும் சோதினை எழுத வேணுமோ?"

"ஓம்."

"உதென்ன விசர்க்கதை" என்றார். ஆனாலும் எழுதிக்கொண்டார். இங்கே D உச்சமில்லை, A, B, C தாண்டி நாலாவது என்றும் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை எத்தினையாம் ஆண்டு ஓ.எல்?" என்று கேட்டார். நான் சித்தியடையவில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

உள்ளே போன பிறகும் நான் கோட்டைக் கழற்றவில்லை. வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் இருந்த அலுமாரிக்குள் தும்புத்தடியும் வாளியும் நின்றன. ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் பழுதாகிக் கரைச்சல் தந்ததாம். கழற்றி எறிந்துவிட்டு, அறைக்கு ஒரு கரண்ட் ஹீட்டர் சுவரில் பூட்டிக் கொடுத்திருக்கிறார். "நான் இஞ்ச வந்த காலத்தில ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரோட ஏழு பேர் இருந்தனாங்கள். ஒருத்தரும் சாகேல்லை" என்றார். பொய் சொல்லுகிற மனிதர் அல்ல. தன் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறாராம். நம்புகிறேன், வீட்டுக்குள்ளே மஃப்ளரைத் தளர்த்தக்கூட இல்லை.

பின்னால் ஒரு அறை பிறகு கட்டியது. ஒற்றைக் கல் சுவர், தட்டைக் கூரை. அந்த அறைக்குள், அறிவிப்பைப் பார்த்துச் சில மாதங்களுக்கு முன்னமே வீட்டை வாடகைக்கு எடுத்தவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சுவருக்கு மஞ்சள் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். பெயர் பகீரதன். நாற்பத்து மூன்று வயது. பாண், பணிஸ் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. சபாநடேசன் ஐயா முன்பக்கம் யாருடனோ போனில் கதைக்கப் போய்விட்டார்.

"இது ஆருக்கு?"

"மகளுக்கு அக்கா. இதுதான் பெரிய அறை. யன்னலால மரம் தெரியுது பாருங்கோ."

என் கருவியில் பதினொரு பாகை காட்டியது. கட்டிலுக்குப் பின்னால், இன்னும் பெயின்ற் படாத மூலையில், முழங்கால் உயரத்துக்குக் கரும்பூஞ்சை. விரலால் தொட்டால் ஈரம்.

அவர் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். மனைவியும் ஆறு வயது மகளும் முல்லைத்தீவில். அவர் ஊருக்குப் போக முடியாததால் திருச்சியில் வைத்துக் கலியாணம். மகளை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். தன்னுடைய பேப்பர் சரிவரவே இத்தனை காலம் போயிற்றாம். இப்போது அவர்கள் வர விசாவுக்குப் போட்டிருக்கிறார், இந்த விலாசத்தைக் கொடுத்து. முடிவு வருமட்டும் வீடு மாறக்கூடாது என்று சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"இன்னொரு வீடும் பாத்தனான் அக்கா. புதுக் கட்டடம். ஆனா அது C. குடும்பம் முதல்முதல் வரேக்க D எடுத்த வீட்டுக்கே கூப்பிடுவம் எண்டு இதை எடுத்தனான். நான் ஓ.எல்ல ஒரே ஒரு D. சித்திரத்துக்கு."

நான் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது, மனைவிதான். போனைத் திருப்பித் திருப்பி மஞ்சள் சுவரைக் காட்டினார். நான் கதவுப் பக்கம் ஒதுங்கி நின்றேன். கணீரென்ற குரல்.

"வடிவாத்தான் இருக்கு. இஞ்சாருங்கோ, அந்த D எண்டு சொன்னீங்கள். எங்கட முறையில A தானே மேல? A, B, C, S. D எண்டு ஒண்டே இல்லையே."

"அது பிறகு மாத்தினது மேகலா. இந்த வெள்ளைக்காரங்கள்தானே எங்களுக்கு ஓ.எல் தந்தவங்கள். இஞ்ச இன்னும் பழைய முறைதான்."

அவரைவிடப் பத்து வயது இளையவள், புதிய முறையில் பரீட்சை எழுதியவள். அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. வாடகைக்கு இருப்பவரின் குடும்பத்துக்கு விளக்கம் கொடுப்பது என் பொறுப்பில் வராது. சுவரின் தடிப்பைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

புதிய சான்றிதழ் வந்துவிட்டது. F. எதிர்பார்த்ததுதான்.

மத்தியானம் சபாநடேசன் ஐயா போனில்: "பிள்ளை, வீட்டைப் பெயிலாக்கிப் போட்டாங்கள்."

"ஓம் ஐயா. இனி பொயிலர் பூட்ட வேணும். பின்னறைச் சுவருக்கும் உள்ளால குளிர்த் தடுப்பு அடிக்க வேணும். நாங்கள் நோட்டீஸ் அனுப்புவம்."

"வீட்டுக்கும் டியூசன் குடுக்கச் சொல்லுறியளோ?" முதலில் பகிடியாகத்தான் கதைத்தார். பிறகு குரல் மாறிவிட்டது. "எனக்கு உந்த அரியண்டம் வேண்டாம் பிள்ளை. நோட்டீஸ் வந்தா அந்தப் பெடியனை எழும்பச் சொல்லிப்போட்டு வீட்டை வித்துப்போடுவன். மகன் ஒஸ்ரேலியாவில இருந்து எத்தினை வருசமா விக்கச் சொல்லுறான்."

நோட்டீஸ் வந்ததற்காக வாடகைக்காரரை வீட்டை விட்டு எழுப்ப முடியாது, அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது என்றேன். "ஓமோம், எனக்கும் ஒரு லோயர் இருக்கிறார்" என்றுவிட்டுப் போனை வைத்தார். சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

டிசம்பர் 5, வெள்ளி

பகீரதன் கவுன்சிலுக்கு வந்து கீழே வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார். சப்பாத்தில் கோதுமை மா. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அக்கா, ஐயா சொன்னார். உண்மையோ?"

"வீடு F. வாடகைக்கு விடக்கூடாத வீடு, தம்பி."

"D எண்டுதானே சொன்னவர்?"

இப்போது சொல்ல வேண்டி வந்தது. D இங்கே நடுத்தரம் என்றும், C அதைவிட நல்லது என்றும் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப நல்ல வீட்டை விட்டுட்டு இதை எடுத்திருக்கிறன்."

"ஓம்."

"பரவாயில்லை. அதை விடுவம். விசா வருமட்டும் நோட்டீஸ் அனுப்பாதேங்கோ அக்கா. ஐயா எழுப்பினா விலாசம் இல்லை. விலாசம் இல்லாட்டி விசா நிண்டுபோகும். திரும்பப் போட்டா இன்னும் எவ்வளவு காலமோ தெரியாது. பிள்ளை இப்பவே என்னைப் போன் அப்பா எண்டுதான் சொல்லுறா."

"குளிர் எண்டு மனிசிக்குச் சொன்னனீரோ?"

"சொன்னா அவா பயந்திடுவா. வரட்டும், வந்தாப் பிறகு பாப்பம்."

வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை என்றேன். மேலே வந்து கோப்பில் 'பரிசீலனையில்' என்று போட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்பதும் உண்மைதானே.

டிசம்பர் 9, செவ்வாய்

ஹெலன் கேட்டாள், அந்த விசேட சித்தி வீடு என்னவாயிற்று என்று. பின்னறை அளவுகளில் ஒரு சந்தேகம், திரும்பப் போக வேண்டும் என்றேன். அளவுகளில் சந்தேகம் இருக்கலாம். நாடா பழையது.

டிசம்பர் 16, செவ்வாய்

திரும்பப் போய் அளந்தேன். அதே அளவு.

என் வீட்டில் எண்ணெய் ஹீட்டர் ஒன்று சும்மா கிடந்தது. சில்லு வைத்தது, எந்த அறைக்கும் உருட்டலாம். அதை அங்கே விட்டு வந்தேன். அலுவலகப் பொருள் அல்ல. விதி எதுவும் மீறப்படவில்லை. பகீரதன் தேநீரும், தொழிற்சாலையில் கொடுத்த பணிசும் தந்தார். பணிசைச் சாப்பிட்டேன். விதியில் பணிசைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடவில்லை.

பின்னறை முடிந்திருந்தது. மூன்று தரம் பெயின்ற் அடித்திருக்கிறார். பூஞ்சை கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சின்னக் கட்டில், ரோசா நிறப் போர்வை. "அக்கா, ஒரு பிள்ளைக்கு இது காணும்தானே?" என்று கேட்டார்.

எனக்குப் பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு தெரியாது. காணும், போதும் என்றேன்.

டிசம்பர் 25, வியாழன்

விடுமுறை. ரொறொன்ரோவிலிருந்து என் அக்கா போன் எடுத்தா. வழக்கமான கதைகள். "நீ ஏன்டி ஒருத்தரோடயும் சேராமல் இருக்கிறாய்?" என்றா. சேராமல் எல்லாம் இல்லை, போன வாரம் ஒரு வீட்டில் தேநீர் குடித்தேன் என்றேன். யார் வீட்டில் என்று கேட்டா. பேச்சை மாற்றினேன்.

என் வீடு B. ஹீட்டர் போடாவிட்டாலும் பத்தொன்பது பாகை நிற்கும்.

டிசம்பர் 30, செவ்வாய்

பருப்பு ஊறப்போட்டு மறந்துவிட்டேன்.

ஜனவரி 7, புதன்

ஹெலன் கோப்புகளைக் கணக்கெடுத்தாள். F, G என்று கண்டுபிடித்து நோட்டீஸ் போகாத கோப்பு என்னிடம் ஒன்றே ஒன்று.

"வதனி, உன்னிடம் இப்படி ஒருபோதும் கிடப்பதில்லையே" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் கரைச்சல். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது கதைத்திருப்பேன்.

வீட்டுக்காரர் வயதானவர், அவகாசம் கேட்டிருக்கிறார் என்றேன். அவர் அவகாசம் கேட்கவில்லை. இதை இங்கே எழுதுகிறேன், கோப்பில் எழுதவில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எனக்கும் ஒருவர் வர வேண்டியிருந்தது. எழுத்துக் கலியாணம், அதாவது பதிவு, முடிந்து, விசாவுக்குப் போட்டு, கொழும்பில் இரண்டு தரம் மறுத்தார்கள். இரண்டாம் தரம் நான் இங்கே இருந்த அறை சிறிதென்று காரணம் காட்டினார்கள். மூன்றாம் தரம் அவர் போடவில்லை. களைத்துப்போனார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. இப்போது மட்டக்களப்பில் இருக்கிறார், மூன்று பிள்ளைகள் என்று கேள்வி. அது தொண்ணூற்றொன்பதில் முடிந்த விசயம். இந்தக் கோப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பகீரதன் போன் எடுத்தார். விசா வந்துவிட்டது. முதலில் அவர் கதைத்தது எனக்கு விளங்கவில்லை, அழுதுகொண்டு கதைத்தார்.

"அக்கா, நீங்கள் செய்த உபகாரத்தை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்."

"நான் ஒண்டும் செய்யேல்லை தம்பி."

அது உண்மை. ஒன்றும் செய்யாததுதான் உபகாரம். ஆனாலும் சந்தோசமாக இருந்தது, மறைப்பானேன். கடையில் போய்க் கோழி வாங்கிக் கறி வைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

ஜனவரி 19, திங்கள்

இனி நோட்டீஸை அனுப்பலாம். எழுதியும் வைத்துவிட்டேன். ஹெலனின் ஒப்பம் ஒன்றுதான் வேண்டும்.

பகீரதனிடம் சொன்னதும் அவர் போனில்: "அக்கா, இப்ப அனுப்பினா அவை வந்து இறங்கேக்க நான் தெருவில நிக்க வேணும். வந்து ஒரு மாதம் போகட்டும். பள்ளிக்கூடம் சேத்தாப் பிறகு அனுப்புங்கோ. நான் சூடு பாத்துக்கொள்ளுறன்."

நோட்டீஸ் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

பெப்ரவரி 2, திங்கள்

நேற்று வந்திறங்கியிருக்கிறார்கள். படம் அனுப்பியிருந்தார். விமான நிலையத்தில் மூன்று பேரும். மகள் ஆரணி அவருடைய கையைப் பிடிக்கவில்லை, காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நல்ல முகவெட்டு. படத்தை இரண்டு மூன்று தரம் பார்த்தேன்.

வானிலை அறிக்கையில் இந்த வாரம் பனி என்கிறார்கள்.

பெப்ரவரி 5, வியாழன்

பனி. பஸ் இல்லை. நடந்து போனேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

எண்ணெய் ஹீட்டரைப் பின்னறையில் வைத்திருக்கிறாரா என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். 'ஓம் அக்கா, ஆனா எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா கரண்ட் விழுந்திடுது. பிள்ளைக்குக் கொஞ்சம் தடிமன்' என்று பதில் வந்தது. இங்கே வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் மாரியில் தடிமனும் மூக்கடைப்பும் வரும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

காலையில் ஹெலன் என் மேசைக்கு வந்தாள். நேற்றுப் பின்னேரம் முறைப்பாட்டு இலக்கத்துக்கு ஒரு பெண் போன் எடுத்து, வீடு, குளிர், பிள்ளை என்ற மூன்று சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். பிறகு விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்திருக்கிறாள். மேகலாதான். பிள்ளையைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில் யாரோ இலக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

"இது உன் விசேட சித்தி வீடு அல்லவா?" என்றாள் ஹெலன். "நாளைக்கு நானும் வருகிறேன். நீ மொழிபெயர்."

நீ வரத் தேவையில்லை என்று சொல்லப் பார்த்தேன். சரியான காரணம் ஒன்று கிடைக்கவில்லை.

பெப்ரவரி 11, புதன்

மேகலாதான் கதவைத் திறந்தாள். பகீரதனின் வேலைக் கோட்டைப் போட்டிருந்தாள், கை விரல் நுனி வரை மூடியிருந்தது. படத்தில் பார்த்ததைவிட மெலிவு. எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டு, கீழ் இடைவெளிக்குள் துவாயை மடித்து வைத்தாள். பகீரதன் சமையல் குசினி வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், முதல் தரம் பார்க்கிறவரைப் போல.

ஹெலன் தன் பெயரைச் சொன்னாள். நானும் என் பெயரைச் சொன்னேன்.

முன்னறையில் சோபாவில் பிள்ளை. போர்வைக்குள்ளே தொப்பியோடு படுத்திருந்தாள். மூச்சு இழுப்பது வாசலிலேயே கேட்டது. நெஞ்சில் சளி கட்டி, முதல் மருந்து கேட்காமல் இரண்டாவது மருந்து கொடுத்திருக்கிறார்களாம். இன்னும் கூடினால் ஆஸ்பத்திரியில் விடச் சொல்லியிருக்கிறார்கள்.

"வாங்கோ, அறையைக் காட்டுறன்" என்றாள் மேகலா.

மஞ்சள் சுவரில் பூஞ்சை பெயின்றைத் தின்றுகொண்டு வெளியே வந்திருந்தது. இந்த முறை இடுப்பு உயரத்துக்கு. ரோசாப் போர்வையைத் தூக்கி என் கையில் தந்தாள். தோய்த்துப் பிழிந்தது போல ஈரம். ஹெலன் படம் எடுத்தாள். கருவியைப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டினாள். ஒன்பது.

திரும்ப முன்னறைக்கு வந்தோம். மேகலா பிள்ளையின் காலடியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

"அக்கா, நான் ஒண்டு கேக்கிறன். இந்த நாட்டில வீடு வாடகைக்குக் குடுக்க முதல் ஒருத்தரும் வந்து பாக்கிறேல்லையோ? எங்களுக்கு முல்லைத்தீவில வீட்டுத் திட்டத்தில வீடு தரேக்க, கூரைச் சீற்றுக்கு ஆணி அடிச்சிருக்கோ எண்டுகூட மூண்டு தரம் வந்து பாத்தவை. இஞ்ச ஆரும் வந்து பாக்கேல்லையோ?"

"என்ன கேட்கிறாள்?" என்றாள் ஹெலன். மொழிபெயர்த்தேன்.

நான் வாய் திறக்க முதல் பகீரதன் சொல்லிவிட்டார். "ஒருத்தரும் வரேல்லை." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக. "நான் இருக்கத் தொடங்கினதில இருந்து ஒருத்தரும் வரேல்லை."

ஹெலன் பேனையோடு காத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளரின் வேலை, சொன்னதைச் சொன்னபடி சொல்வது. 'யாரும் வரவில்லை என்கிறார்.' நாலு சொல்லும் இல்லை. அதில் பிழை பிடிக்க ஒருவராலும் முடியாது. ஹெலனிடம் பின்னறை அளவு என்று சொன்னதை வெளியே நின்று அளந்ததாக்கி, என் பழைய குறிப்புகளை ஒழுங்குபடுத்துவதும் பெரிய வேலையில்லை. அந்த மனிதர் எனக்காகத்தான் பொய் சொன்னார், அது எனக்கு விளங்கியது. பிள்ளை இருமத் தொடங்கினாள். இருமி முடிய வெகு நேரம் எடுத்தது.

வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு சொல் தேடத் தேவையில்லை.

"நான் வந்தனான்" என்று மேகலாவிடம் சொன்னேன். "நீங்கள் போனில அறையைப் பாத்தீங்களே, அண்டைக்கு நான் கதவடியில நிண்டனான். அந்தச் சுவரையும் பாத்தனான். இது வாடகைக்குக் குடுக்கக்கூடாத வீடு. அப்பவே எனக்குத் தெரியும்."

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. பகீரதன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் தெரியுமோ?"

"ஐயா எழுப்பிப்போட்டா விசா நிண்டுபோகும் எண்டுதான் மேகலா... நான்தான் அக்காவைக் கெஞ்சிக் கேட்டனான்."

"நிண்டா என்ன? இன்னொருக்காப் போடுறது." பிள்ளையின் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டாள். "ஆறு வருசம் இருந்தனான்தானே. இன்னும் ஒரு வருசம் இருந்திருக்க மாட்டனோ? பிள்ளை அங்க முத்தத்தில ஓடித் திரிஞ்சவள். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்திருக்கிறியள். என்னட்ட ஒரு சொல் கேட்டியளோ?"

காத்திருப்பதைவிட மோசமானது ஒன்றும் இல்லை என்று நாங்கள் இருவரும் முடிவுகட்டியிருந்தோம். காத்திருந்தவள் அவள்.

"வதனி" என்றாள் ஹெலன். "இவ்வளவு நேரமும் என்ன பேசினீர்கள்?"

மொழிபெயர்த்தேன். முதலில் அவர் சொன்னது. அடுத்து நான் சொன்னது. பிறகு மேகலா சொன்னது, முற்றத்தில் ஓடித் திரிந்தது வரைக்கும். எதையும் விடவில்லை, எதையும் மெதுவாக்கவில்லை. ஹெலன் பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் புரட்டி, புதிய பக்கத்தில் என் பெயரை எழுதினாள்.

"நீ முதல் முறை வந்தது என்றைக்கு?" என்று கேட்டாள்.

நவம்பர் இருபத்து நான்கு என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.